எக்ஸ்ரே அக்கா ஒன்றும் எழுத மாட்டார்

"மூச்ச இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. ம், விட்டுக்கிடுங்க."

நெஞ்சு வலி, முதுகு வலி, பைக்கிலிருந்து விழுந்த வலி என்று கோவில்பட்டியில் எந்த வலி வந்தவரும் இதைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. மெயின் ரோட்டிலிருந்து ஒரு சந்து தள்ளி இருந்த ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவர் சொல்வது. ஊரே அவரை எக்ஸ்ரே அக்கா என்றது. என்னைவிட நாலைந்து வயது சின்னவர்தான். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிட்டால் பார்க்கிறவர்கள் என் வயதைக் கொஞ்சம் குறைத்து மதிப்பார்கள் என்று ஒரு அற்ப ஆசை. அவர் பதிலுக்கு எல்லார் முன்னாலும் சத்தமாக "அண்ணாச்சி" என்று சொல்லி அதைக் கெடுத்துவிடுவார்.

என் கடை அந்த சென்டருக்கு நேர் எதிரே. விதை, உரம், பூச்சிமருந்து. மழை பெய்தால் கூட்டம், பெய்யாவிட்டால் ஈ. எங்கள் கரிசல் காட்டில் மழை எத்தனை நாள் பெய்யும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் எதிர்த்த வாசலை வேடிக்கை பார்ப்பதே எனக்கு முக்கியமான தொழிலாக இருந்தது.

படம் எடுத்து முடிந்ததும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். என்னக்கா தெரியுது? அவர் பதிலும் ஒன்றுதான். டாக்டர்ட்ட காட்டுங்க. கெஞ்சினாலும், அழுதாலும், சொந்தக்காரர் பெயரைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒரு சொல் வராது. முகத்திலும் ஒன்றும் தெரியாது. ஒரு தடவை எனக்கே நெஞ்சு இறுக்கிப் பிடித்து, மனைவி கையில் எண்ணெய்ச் சட்டியோடு தெருவரை ஓடி வந்து, என்னைத் தள்ளாத குறையாக அந்த சென்டருக்குள் விட்டாள். படம் வந்தவுடன் அக்காவின் முகத்தைத்தான் பார்த்தேன். நான் பிழைப்பேனா மாட்டேனா என்று தேடினேன். அவர் காலையில் சாப்பிட்டாரா இல்லையா என்பதுகூட அந்த முகத்தில் தெரியவில்லை. கடைசியில் டாக்டர் அதை வெறும் வாயு என்றார். அந்த அவமானத்தில் மறுநாளும் நெஞ்சு வலித்தது.

அந்த அக்காவிடம் ஒரு கேமரா இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமரா. டிபன் பையில் தண்ணீர் பாட்டிலுக்கும் ஊறுகாய் டப்பாவுக்கும் நடுவில் ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார். வேலைக்கு வரும்போதும் போகும்போதும், டீ குடிக்க வெளியே வரும்போதும் அது கைக்கு வந்துவிடும். மார்க்கெட்டில் வெங்காயம் புடைக்கிற பெண்கள், ரோட்டு நடுச்சுவரின் மேல் ஏறி நின்று பஸ்ஸை முறைத்துப் பார்க்கிற ஆடு, கட்சி பேனரின் பின்பக்கத்தில் நிழலுக்கு ஒதுங்கியவர்கள், புதியம்புத்தூரிலிருந்து நைட்டிகளை வாங்கி பைக்கில் கட்டிக்கொண்டு வருகிற வியாபாரி. நைட்டிகளுக்குள் காற்று புகுந்து, அவர் பின்னால் குண்டுப் பெண்கள் பலர் உட்கார்ந்து வருவது போல இருந்த படம் அது.

போனிலேயே எடுக்கலாமே என்று கேட்டேன்.

"போன நீட்டினா எல்லாரும் முடிய ஒதுக்குதாக அண்ணாச்சி. இத நீட்டினா, ஏதோ டார்ச் லைட்டுன்னு சும்மா இருக்காக."

எல்லாப் படமும் கறுப்பு வெள்ளைதான். கலரில் எடுத்தால் எல்லாரும் சேலையைத்தான் பார்ப்பார்கள் என்பது அவர் கட்சி. எக்ஸ்ரே எடுக்கிறவருக்கு வேறு எப்படித் தோன்றும் என்று நான் விட்டுவிட்டேன். எடுக்கும் முன் கேட்பார். எடுத்த பின் அந்தச் சின்னத் திரையில் காட்டுவார். ஆள் சரி என்றால்தான் பேஸ்புக்கில் போடுவார். தொழில் பழக்கத்தில் கிளிக் ஆனதும் "விட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிடுவார். கீரைக்காரம்மா, போக்குவரத்து போலீஸ்காரர், யாராக இருந்தாலும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

ஆனால் படத்துக்குக் கீழே ஒரு வார்த்தை எழுத மாட்டார். இடம், ஆள், நாள் ஒன்றும் கிடையாது. யாராவது, இது எந்தத் தெருக்கா என்று கேட்டால் பதில் கிடையாது. அருமை என்றால் நன்றி கிடையாது. எனக்கு இது பொறுக்கவில்லை. எனக்குள் ஒரு கவிஞன் தூங்கிக்கொண்டிருப்பதாக அப்போது நம்பினேன். நைட்டிப் படத்துக்கு, காற்றுக்கும் கல்யாண வயசு வந்தாச்சு என்று ஒரு வரி எழுதி, பில்லின் பின்பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். நல்லாருக்கு அண்ணாச்சி, ஒங்க பக்கத்துல போட்டுக்கிடுங்க என்று திருப்பிக் கொடுத்தார். போட்டேன். என் மைத்துனன் ஒருவன் மட்டும் லைக் போட்டான். அவனும் கை தவறிப் பட்டுவிட்டதாகப் பிறகு சொன்னான்.

பிறகு ஒரு நாள் என்னையே எடுத்தார். மத்தியானம் கடையில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவின் போஸ்டர். புழு இலையில் எப்படி மல்லாந்திருந்ததோ அதே மாதிரி கீழே நான். எழுப்பி, படத்தைக் காட்டி, போடவா என்று கேட்டார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, போடுங்க என்றேன். படத்தில் இருக்கும் வயிறு அதனால் உள்ளே போகவில்லை. வழக்கம்போல் அவர் ஒன்றும் எழுதவில்லை. இந்த இரண்டு புழுவில் எதற்கு மருந்து அடிக்க வேண்டும் என்று முதல் கமென்ட் போட்டது என் மனைவி.

இப்போது அக்கா ஓசூரில் மகளோடு இருக்கிறார். அவரை நினைத்தால் எனக்கு அந்தப் பெரியவரின் கதைதான் முதலில் வரும்.

நாகலாபுரம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பல வருஷமாக என் கடைக்கு வருகிறவர் அவர். ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கிடை போட்டு ஆடு மேய்த்த குடும்பம். இப்போது பாதி ஆடு, பாதி மக்காச்சோளம். மறுநாள் அவருடைய தம்பி மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு கழுகுமலை. குடும்பத்துக்கு மூத்தவர் என்பதால் பெண் வீட்டுக்காக இவர்தான் தட்டு மாற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கடைவாய்ப் பல் வலி கிளம்பிவிட்டது. கன்னம் பன்னு மாதிரி வீங்கி, வெள்ளைத் துண்டை நாடிக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் இறுக்கி முடிந்திருந்தார். பல் டாக்டர் படம் எடுத்துவரச் சொல்லியிருந்தார். தன் முறை வரும்வரை ஸ்கேன் சென்டர் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வலியில் கண்ணை மூடித் தலையைச் சுவரில் சாய்த்தார். நெற்றி நிறையத் திருநீறு.

டீ குடிக்க வெளியே வந்த அக்கா பார்த்தார். கேட்டார். பெரியவர் தலையை ஆட்டினார். கிளிக். படத்தைக் காட்டியபோது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்து, மறுபடியும் ஆட்டினார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் படம் பேஸ்புக்கில் ஏறியது. ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்துபோனால் குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு பூசி, வாய் திறந்துகொள்ளாமல் இருக்க நாடியைத் துண்டால் கட்டி, நாற்காலியில் உட்கார்த்தி வைப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்த ஒருவருக்கும் இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் எழுதியவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற அவருடைய சொந்தக்காரப் பையன். பெரியப்பா, எங்களை விட்டுப் போயிட்டீங்களே. அவ்வளவுதான். அதற்குப் பிறகு மதகைத் திறந்துவிட்ட மாதிரி ஆழ்ந்த இரங்கலாக வந்து விழுந்தது. கூப்பிய கைகள், கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள். பெரியவரை யாரென்றே தெரியாத ஒருவர், அவருடைய இழப்பு விவசாயத்துக்கே பேரிழப்பு என்று எழுதினார்.

இதையெல்லாம் நான் கடையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, பேரிழப்பு என் உரமூட்டைகளின் மேல் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. வாயில் பஞ்சு. சாயங்காலம்வரை பேசக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது, துண்டை அவிழ்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெயில் தாழ்ந்து பஸ் ஏறலாம் என்று என் கடையில் சாய்ந்திருந்தார். அவருடைய போன் ஊரில் சார்ஜில் கிடந்தது.

நாம் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். இவர் இறக்கவில்லை, என் கடையில்தான் இருக்கிறார் என்று எழுதினேன். உடனே ஒருவர், உங்கள் கடையில் மட்டுமல்ல, எங்கள் எல்லார் நெஞ்சிலும் இருப்பார் என்று பதில் போட்டார். ஐயா, உயிரோடு இருக்கிறார் என்று மறுபடியும் எழுதினேன். ஆமாம் அண்ணாச்சி, இவரைப் போன்றவர்களுக்குச் சாவே கிடையாது என்று வந்தது. அதற்கு நிறைய லைக். என் வாழ்க்கையில் நான் தொடங்கிய பேச்சு அவ்வளவு தூரம் போனது அதுதான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. பெரியவரின் தம்பியும் அவர் வீட்டு ஆட்களும். ஆஸ்பத்திரிக்கு என்று கிளம்பிப் போன மனிதரின் படம் எக்ஸ்ரே அக்கா பக்கத்தில், அதுவும் அந்தக் கோலத்தில் வந்தால் யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள். சென்டரில் விசாரித்து, என் கடையைக் காட்டியதும் உள்ளே ஓடி வந்தார்கள். துண்டு கட்டிய வாயோடு மூட்டைமேல் நீட்டிக் கிடந்தவரைப் பார்த்ததும், "எண்ணே" என்று தம்பி அவர் நெஞ்சில் விழுந்தார். பெரியவர் துள்ளி எழுந்தார். வேனில் வந்தவர்களில் ஒருவர் யூரியா மூட்டை தடுக்கி விழுந்தார். பெரியவருக்கு என்ன நடக்கிறது என்று கேட்கக்கூட முடியவில்லை. இரண்டு கையையும் விரித்து எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தம்பி அண்ணனைக் கட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சம்பந்தகாரர் நிச்சயத்த நிப்பாட்டிட்டாரு அண்ணாச்சி. தீட்டு கழியட்டும், பொறவு பாப்போம்னு சொல்லிட்டாரு. மாப்பிள்ளைக்கு லீவு முடியப் போவுது. ஏற்கனவே ரெண்டு எடம் தட்டிப் போச்சு. இதும் நின்னா, பிள்ளைக்கு ராசியில்லன்னு ஊர் சொல்லும். அத கேட்டுக்கிட்டு அவ எப்படி இருப்பா?"

அவர் போனிலேயே கழுகுமலைக்குக் கூப்பிட்டோம். அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று தம்பி சொன்னார். நானும் வாங்கிச் சொன்னேன். எதிர்முனையில் மாப்பிள்ளையின் அப்பா ரொம்ப மரியாதையாக, சரி சரி என்றார். அந்தச் சரியிலேயே அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் நல்ல காரியம் நெருங்கும்போது வீட்டில் சாவு விழுந்தால், காரியம் முடிகிறவரை மூச்சு விடாமல் மறைக்கிறவர்கள் உண்டு. இல்லை இல்லை என்று நாங்கள் சொல்லச் சொல்ல, அவருக்கு அது உறுதியாகிக்கொண்டே போனது. வீடியோ காலில் காட்டினோம். சிக்னல் விட்டு விட்டு வந்தது. அசையாத முகம், அரைக்கண், கட்டின வாய். பேசுங்க மச்சான் என்று அவர் கேட்க, இவர் பேசாமல் இருக்க, அந்தப் பக்கம் ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது. நானே போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன்.

அதற்குள் அக்கா ரோட்டைத் தாண்டி வந்திருந்தார். எல்லாரும் அவர்மேல் பாய்ந்தார்கள். படத்தை எடுத்துவிடு என்றார்கள். ஒரு வரி எழுதினால் என்ன என்றார்கள். வேனில் வந்த ஒருவர் கேமராவையே கொடு என்றார். அக்கா டிபன் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு எல்லாம் முடிகிறவரை கேட்டார்.

"படத்த எடுத்தா, மறைக்கதுக்குத்தான் எடுத்தாகம்பாக. எழுதினா யாரு படிக்கா? அண்ணாச்சி ரெண்டு தடவ எழுதினாக, என்னாச்சு?"

நான் மூட்டையில் அச்சடித்திருந்த சத்து விவரங்களைப் படிக்கத் தொடங்கினேன்.

"வண்டி நிக்குதுல்லா. ஏறுங்க, கழுகுமலைக்குப் போவோம்" என்றார். சென்டரில் ஒரு குரல் கொடுத்துவிட்டு, யாரும் சொல்லாமலே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நானும் கடையைப் பாதி சாத்திவிட்டு ஏறினேன். வியாபாரத்தைவிட இது முக்கியம் என்று எனக்குப் பட்டது. வியாபாரம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில், தட்டில் அடுக்கிய ஆப்பிள்களை மறுபடியும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கிறவர். தினம் பத்துப் பேரை அதட்டுகிற குரல். வேனைப் பார்த்ததும் சட்டை போடாமலே வெளியே வந்தார். பெரியவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். காலையிலிருந்து சாப்பிடாத மனிதர், கால் தள்ளாடியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. வாசலில் நின்ற பெண்கள் அலறிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பிணத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களே என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

தம்பி பேச வாயெடுத்தார். அக்கா அவரைக் கையமர்த்திவிட்டு, மாப்பிள்ளையின் அப்பா கையில் இருந்த போனைக் காட்டினார்.

"அதுல படத்தப் பாத்தீயள்லா. இப்ப ஆளப் பாருங்க."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் காத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா போனைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். கிட்டே வந்தார். மோந்து பார்ப்பவர் போலக் குனிந்தார். பிறகு, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி காய்ந்துவிட்டதா என்று சோதிக்கிற மாதிரி இரண்டு விரலால் பெரியவரின் கையை எடுத்து, நன்றாக ஒரு கிள்ளு கிள்ளினார்.

பஞ்சு அவர் காலடியில் வந்து விழுந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு சொல்லும் வந்தது. பல் போன வாயிலிருந்து வந்தாலும் எல்லாருக்கும் தெளிவாகவே புரிந்தது. இங்கே எழுத முடியாது.

தண்ணீர் மோட்டார் பக்கத்தில் தூணோடு தூணாக நின்றிருந்த மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தது. பிறகு வீடே சிரித்தது. ஓடிப்போன பெண்கள் திரும்பி வந்து, ஆயுசு கெட்டி மாமா என்று பெரியவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டார். அதட்டுகிற குரல் எங்கேயோ போயிருந்தது. "தாயி, நானும் அதுல ஒன்னு எழுதித் தொலச்சிட்டேன். அத எடுத்துருங்க."

அக்கா தேடிப் பார்த்தார். மூன்று கூப்பிய கைகளோடு இருந்தது. இன்முகம் காட்டி வரவேற்ற எங்கள் அருமைச் சம்பந்தி.

"எடுக்கலாம். ஆனா நீங்க எழுதுனது அண்ணாச்சி, நீங்க எடுக்கதுதான் மொற."

அவருக்கு எடுக்கத் தெரியவில்லை. மகன் வந்து போனை வாங்கி எடுத்துக் கொடுத்தான். ஆப்பிள்கள் பெட்டியிலிருந்து மறுபடியும் தட்டுக்கு வந்தன.

மறுநாள் காலை கிராமத்தில் நிச்சயம் நடந்தது. எங்களையும் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா சென்டரில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். பெரியவர் வீங்கிய வாயோடு தட்டைக் கையில் வாங்கி, பெண் கொடுக்கச் சம்மதம் என்று சபையில் சொன்னார். அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அவர் முடிக்கும் முன்பே, எங்களுக்கும் சம்மதம் என்று அவசரமாகச் சொன்னார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெண் அக்காவைத் தேடிக்கொண்டு வந்தாள். புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள். நிமிர்ந்து பார்த்துப் பேசுகிற பெண். தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னாள். வந்திருந்த போட்டோக்காரர் காலையிலிருந்து அவளை எடுத்துத் தள்ளிக்கொண்டுதானே இருக்கிறார் என்று அக்கா சொன்னார்.

"அது வேற அக்கா. ஸ்டுடியோவுல எடுத்த படத்தப் பாத்துட்டுத்தான் ரெண்டு வீட்டுல வேண்டாம்னாக. இந்த எடமும் ஒரு படத்தாலதான் நிக்கப் பாத்துச்சு. நான் எப்படித்தான் இருக்கேன்னு ஒங்க படத்துல ஒருக்கா பாத்துக்கிடுதேன்."

அக்கா கேமராவை எடுத்தார். நேராக நில், திரும்பு, சிரி என்று ஒன்றும் சொல்லவில்லை. சும்மா பேசிக்கொண்டே அவளோடு கொல்லைப்பக்கம் நடந்தார். அங்கே ஒரு ஆட்டுக்குட்டி, சாப்பிட்டுப் போட்ட இலைகளை விட்டுவிட்டு, கட்டி வைத்திருந்த புது இலைக் கட்டை இழுத்துக்கொண்டிருந்தது. பெண் பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் இலைக் கட்டின் இன்னொரு முனையைப் பிடித்து இழுத்தாள். குட்டி விடவில்லை. அவளும் விடவில்லை. மூக்கில் வேர்வை, தலையில் பூ ஒரு பக்கமாகத் தொங்க, அதைத் திட்டிக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தாள். கிளிக்.

பெண் கேமராவை வாங்கி நிழலுக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எல்லாரும் கேட்பதைக் கேட்டாள். எப்படியிருக்கேன்க்கா? இந்த ஒரு தடவையாவது ஏதாவது சொல்லிவிடுவார் என்று நானும் கழுத்தை நீட்டினேன். அக்கா, "நீயே பாரேன்" என்றார்.

அவள் மறுபடியும் பார்த்தாள். கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தில் ஒரு நிமிர்வு இருந்தது.

"போடுங்கக்கா. எல்லாரும் பாக்கட்டும்."

அன்றைக்கே போட்டார். வழக்கம்போல் ஒரு வார்த்தை இல்லை. முந்தின நாள் பட்டது போதும் என்று யாருமே வாய் திறக்கவில்லை. இரங்கல் எழுதிய விரல்களெல்லாம் பயந்துபோய் அடங்கிக் கிடந்தன. நானும் எழுதவில்லை. கடையில் உட்கார்ந்து போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் இறங்குகிற நேரத்தில் கழுகுமலையிலிருந்து முதல் கமென்ட் வந்தது. மாப்பிள்ளை எழுதியிருந்தான்.

"அண்ணாச்சிமாரே, இதுக்கும் இரங்கல் போட்டுறாதீங்க. நான் காலையிலதான் நேர்ல பாத்தேன். ஜோரா இருக்கா."